கசப்பு ஆரஞ்சும் மருந்துப் பெட்டியும்

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள், எங்கள் உணவு ஆலோசனை அறைக்கு ஓர் அம்மையார் தம் கணவரை அழைத்து வந்தார். கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்து 11 மாதங்கள் ஆகியிருந்தன. மருந்துப் பெட்டி, இரத்தப் பரிசோதனைத் தாள்கள், குடிநீர் அளவைக் குறித்த சிறு ஏடு ஆகியவற்றை ஒழுங்காக மேசைமீது வைத்த அம்மையார், கடைசியாகத் துணிப்பையிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்தார். தேன் நிறத்துப் பாகு; அதனுள் மெல்லிய தோல் கீற்றுகள் மிதந்தபடியே உறைந்திருந்தன. இலண்டனில் வாழும் மகள் தன் கையாலேயே காய்ச்சி, ஊருக்கு வந்தவர்களிடம் கொடுத்தனுப்பிய மார்மலேட் அது.

"இவருக்கு வாயில் எதுவும் பிடிப்பதில்லை. இது மட்டும் கொஞ்சம் இறங்குகிறது. சர்க்கரை நோய் இல்லை, கொடுக்கலாம்தானே? நேற்று இரண்டு கரண்டி கொடுத்தேன்" என்றார்.

சர்க்கரை நோய் இல்லை என்பது உண்மைதான். ஆனால் எங்கள் பார்வை சென்றது மகள் தன் கையெழுத்தில் ஒட்டியிருந்த சீட்டின் மீது. 'செவில் ஆரஞ்சு, ஜனவரி' என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்காகவே அவ்விதழ் வெளிவந்தபோது எழுத எண்ணி, இடமின்மையால் தள்ளிப்போன இக்கட்டுரையை இப்போது எழுதுகிறோம். மார்மலேட் எப்படிச் செய்யப்படுகிறது, அதற்கான பழம் மிஞ்சினால் என்ன செய்யலாம் என்பவற்றையும் சொல்வோம். ஏனெனில் இதைப் படிப்பவர்களுள் பெரும்பாலோர் இப்பழத்தைத் தாராளமாக உண்ணக்கூடியவர்களே. உண்ணலாகாதவர் யார், ஏன் என்பதைத் தெளிவாக அறிந்துவிட்டால், மற்றவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

பழத்தின் பயணம்

கடையில் நாம் வாங்கும் கமலா ஆரஞ்சு, சாத்துக்குடி ஆகியவற்றினின்று வேறுபட்டது கசப்பு ஆரஞ்சு. பம்பளிமாஸும் கமலாவின் இனமும் கலந்து ஆசியாவில் தோன்றியது. தோல் தடித்து, கரடுமுரடாக, நிறைந்த மணத்துடன் இருக்கும். சாறு கடும்புளிப்பு, உள்ளே விதைகள் மிகுதி. உரித்து அப்படியே தின்ன எவரும் விரும்பார். அராபியர் இதனை மத்தியதரைக் கடல் நாடுகளுக்குக் கொண்டுசென்றனர். ஸ்பெயின் நாட்டின் செவில் நகரத்து வீதிகளில் இன்றும் 40,000-க்கும் மேற்பட்ட மரங்கள் நிழலுக்கும் பூமணத்துக்குமாக நிற்கின்றன. பூக்கும் காலத்தில் நகரமே மணக்கும்; காய்க்கும் காலத்தில் பழங்கள் நடைபாதையில் விழுந்து வழுக்கும்.

பழத்தின் பெயரும் நம் பக்கத்திலிருந்து புறப்பட்டதே. ஆங்கிலத்தின் ஆரஞ்சு, ஸ்பானியத்தின் நரஞ்சா, அரபியின் நாரஞ்ச், பாரசீகத்தின் நாரங்க், வடமொழியின் நாரங்கம் எனப் பின்னோக்கிச் சென்றால், அதன் வேர் திராவிட மொழிகளில், நம் நாரத்தையோடு உறவுடைய ஒரு சொல்லில் இருக்கலாம் என்று மொழிநூலார் கருதுகின்றனர். மார்மலேட் என்னும் பெயருக்கோ ஆரஞ்சோடு தொடர்பே இல்லை. போர்த்துக்கேய மொழியில் மர்மேலோ என்பது சீமை மாதுளை என்று நம்மவர் சொல்லும் குவின்ஸ் பழம். அதனைச் சர்க்கரையோடு காய்ச்சிக் கட்டியாக்கியதே முதல் மர்மெலாடா. ஆரஞ்சு பின்னர் அப்பெயரைப் பெற்றது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் புயலுக்கு ஒதுங்கிய கப்பலின் பழங்களை வாங்கிய ஒரு குடும்பமே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனைக் கண்டுபிடித்தது என்றொரு கதை உண்டு. கதை சுவையானது, ஆனால் ஆரஞ்சு மார்மலேட்டுக்கான எழுத்துக் குறிப்பு 1677-லேயே இங்கிலாந்தில் கிடைக்கிறது. எனவே டண்டீக்கு உரிய பெருமை, அதனைப் பேரளவில் புட்டியிலடைத்து விற்றதுதான்.

காய்ச்சும் முறை

பிரிட்டனில் செவில் ஆரஞ்சு ஜனவரியில் வந்து பிப்ரவரி நடுவில் மறைந்துவிடும். ஆகவே அங்கே மார்மலேட் காய்ச்சுவது நம் வீடுகளில் கோடையில் வடகம் பிழிவது போன்ற ஒரு பருவ வேலை. ஒரு கிலோ பழத்துக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் இரண்டு கிலோ சர்க்கரையும் ஓர் எலுமிச்சையும் என்பது பலரும் கைக்கொள்ளும் கணக்கு.

பழங்களை நன்றாகத் தேய்த்துக் கழுவி, குறுக்கே அரிந்து சாறு பிழிய வேண்டும். விதைகளையும், சவ்வையும், தோலின் உட்புறத்து வெண்பகுதியில் எளிதாக வருவதையும் சுரண்டி ஒரு மெல்லிய வெள்ளைத் துணியில் முடிச்சாகக் கட்டிக்கொள்ள வேண்டும். எறிந்துவிடத் தோன்றும் இந்த முடிச்சில்தான் சூட்சுமம் இருக்கிறது. விதையிலும் வெண்பகுதியிலும் உள்ள பெக்டின் என்னும் நார்ப்பொருளே பாகை உறையவைக்கிறது. தோலை விருப்பம்போல் மெல்லியதாகவோ தடிமனாகவோ கீற வேண்டும். கீற்றுகள், சாறு, எலுமிச்சைச் சாறு, துணி முடிச்சு எல்லாவற்றையும் தண்ணீரில் இட்டு ஓர் இரவு மூடிவைத்தால் தோல் இளகும். பெக்டினும் நீரில் இறங்கத் தொடங்கும்.

மறுநாள் மெல்லிய தீயில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வேக வேண்டும். கீற்றை இரு விரல்களுக்கிடையே அழுத்தினால் நசுங்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுவோர் அனைவரும் தவறு செய்கின்றனர். தோல் முழுதும் வேகுமுன் சர்க்கரையைச் சேர்த்துவிட்டால், பின்னர் எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் தோல் மிருதுவாகாது. தோல்வாரைக் கடிப்பது போலிருக்கும். வெந்தபின் துணி முடிச்சை ஆறவிட்டு இறுகப் பிழிந்தால், கொழகொழவென்று வழுவழுப்பான நீர் இறங்கும், அதுவே பெக்டின். ஒரு சொட்டும் விடாமல் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும்.

அடுத்துச் சர்க்கரை. தீயைத் தணித்து, பரல் முழுதும் கரைந்தபின்னரே தீயைக் கூட்ட வேண்டும். கொதித்து நுரைத்து எழும்புமாதலால் பாத்திரம் பாதிக்குமேல் நிறைந்திருக்கலாகாது. வெப்பமானி 104 அல்லது 105 டிகிரி செல்சியசைக் காட்டும்போது பாகு உறையும் பதத்துக்கு வரும். வெப்பமானி இல்லாவிடில், குளிர்பெட்டியில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து விரலால் தள்ளிப் பார்க்கலாம். மேற்பரப்பு சுருங்கினால் பதம். நம் பாட்டிமார் கம்பிப்பதம் பார்ப்பதற்கு இது ஒன்றுவிட்ட தங்கை. இறக்கியவுடன் புட்டியில் ஊற்றினால் கீற்றுகள் மேலே மிதந்து தங்கிவிடும். கால் மணி நேரம் பொறுத்துக் கிளறிவிட்டு ஊற்றினால் சமமாகப் பரவும். புட்டிகள் வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்தியவையாகவும், ஊற்றும்போது சூடாகவும் இருக்க வேண்டும். கொதிக்கும் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். குழந்தைகளையும், கை நடுக்கமுள்ள முதியோரையும் அடுப்பருகில் விடாதீர்கள்.

உறையாமற்போனால் மனம் தளர வேண்டியதில்லை. மறுபடி கொதிக்கவைக்கலாம், அல்லது அப்படியே பாகாக வைத்துக்கொண்டு நீரில் கலந்து பருகலாம்.

இவ்வளவு சர்க்கரை எதற்கு என்று கேட்போருக்கு: மார்மலேட்டில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையே. அதுதான் பெக்டினை இறுகச் செய்து, பூஞ்சை வளராமலும் காக்கிறது. சர்க்கரையைக் குறைத்துச் செய்தால் அதனைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். 15 கிராம் எடையுள்ள ஒரு கரண்டி மார்மலேட்டில் ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை உண்டு. காப்பியில் இடும் சிறு கரண்டிக்கு அது இரண்டு. நீரிழிவு உடையோர் அதனைத் தம் அன்றாடக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழத்தால் செய்தது என்பதால் அது பழமாகிவிடாது.

1989-இல் தெரியவந்த செய்தி

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் பெய்லி என்னும் மருந்தியலாளரும் அவர்தம் குழுவினரும், ஃபெலோடிபின் என்னும் இரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன நேரும் என்று ஆராய்ந்தனர். பங்கேற்றோருக்குத் தாம் அருந்துவது மதுவா அன்றா என்பது தெரியக் கூடாது. ஆகவே மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்ஃப்ரூட் என்னும் கசப்புப் பழத்தின் சாற்றைக் கலந்து கொடுத்தனர். மருந்தின் அளவு இரத்தத்தில் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்தது. மது சேராத சாற்றை மட்டும் பருகியவர்களிடமும் அவ்வாறே இருந்தது! காரணம் மதுவன்று, சுவையை மறைக்கச் சேர்த்த பழச்சாறே என்பது 1989-இல் வெளியான அந்த ஆய்விலிருந்து படிப்படியாகத் தெளிவாயிற்று.

இது நிகழும் விதத்தை எளிதாகச் சொல்லலாம். நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் இரத்தத்தை அடைவதில்லை. குடற்சுவரில் ஒரு நொதி காவலாளிபோல் இருந்து பல மருந்துகளைச் சிதைத்துவிடுகிறது. மிச்சத்தில் ஒரு பகுதியைக் கல்லீரல் சிதைக்கிறது. ஃபெலோடிபினில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கே உடலுக்குப் பயன்படுகிறது. மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறிக்கும்போது, இந்தச் சேதாரத்தையும் கணக்கிட்டே குறிக்கிறார். கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபியூரனோகூமரின் என்னும் வகைப் பொருள்கள் அந்தக் காவலாளியைச் செயலிழக்கச் செய்கின்றன. சேதாரம் நின்றுவிடுகிறது. மாத்திரை அதே மாத்திரைதான். இரத்தத்தில் சேர்வதோ இரு மடங்கு, சில மருந்துகளில் அதற்கும் மேல்.

கசப்பு ஆரஞ்சிலும் இப்பொருள்கள் உள்ளன. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், செவில் ஆரஞ்சுச் சாறு பருகியவர்களின் உடலில் ஃபெலோடிபின் சேர்ந்த அளவு, சாதாரண ஆரஞ்சுச் சாறு பருகியபோது இருந்ததைவிட ஏறத்தாழ முக்கால் பங்கு கூடியிருந்தது. இப்பொருள்கள் சாற்றைவிடத் தோலில் மிகுதி. மார்மலேட் என்பதோ தோலாலேயே ஆன பண்டம்.

மார்மலேட்டால் உண்மையில் ஊறு நேர்ந்ததுண்டா என்று நீங்கள் கேட்கலாம். நேர்ந்ததுண்டு. பிரான்சில் கல்லீரல் மாற்று செய்துகொண்ட ஒருவரின் இரத்தத்தில் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு திடீரெனப் பன்மடங்கு உயர்ந்தது. மருத்துவர்கள் விசாரித்தபோது, அவர் ஒரு வாரத்தில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வீட்டு மார்மலேட் உண்டிருந்தது தெரியவந்தது. ஆரஞ்சு மார்மலேட் என்றுதான் அவர் நினைத்திருந்தார். பாதிக்கு மேல் அதில் இருந்தது கிரேப்ஃப்ரூட். 2007-இல் மருத்துவ இதழொன்றில் இது பதிவாயிற்று. அளவு மிகையானது என்பது வெளிப்படை. இரண்டு கரண்டிக்கும் ஒன்றரைக் கிலோவுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. ஆனால் அந்த நோயாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். பசியற்ற வாய்க்கு ஒன்று பிடித்துப்போனால், வீட்டார் அதையே நாள்தோறும் கொடுக்கிறார்கள். அவரும் அதையே கேட்கிறார். இரண்டு கரண்டி நான்காவது அப்படித்தான்.

காலையில் மருந்து, மாலையில் பழம் என்று இடைவெளி விட்டால் போதாதா என்று பலர் எங்களிடம் கேட்கின்றனர். போதாது. செயலிழந்த நொதி மீண்டு வருவதில்லை. குடல் புதிதாக நொதியை உண்டாக்கியாக வேண்டும். அதற்கு ஒரு நாள் முதல் மூன்று நாள்கள் வரை ஆகும். எனவே தினமும் மருந்து உண்போருக்கு இடைவெளி என்பதே கிடையாது.

யார் கவனிக்க வேண்டும்? உறுப்பு மாற்று செய்துகொண்டு டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றை உண்போர் முதலில். இவ்விரு மருந்துகளிலும் போதுமான அளவுக்கும் மிகையான அளவுக்கும் இடையே உள்ள வெளி மிகக் குறுகியது. மிகுந்தால் கை நடுக்கம், தலைவலி, இரத்தத்தில் பொட்டாசியம் கூடுதல் ஆகியவற்றோடு, காக்க விரும்பிய சிறுநீரகமே பழுதாகலாம். கொழுப்பைக் குறைக்கச் சிம்வாஸ்டாட்டின் உண்போரும், ஓரளவுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் உண்போரும் அடுத்து. அவர்களுக்குக் காரணமின்றித் தசைவலி கண்டாலோ, சிறுநீர் கருஞ்சிவப்பாக இறங்கினாலோ உடனே வர வேண்டும். ரோசுவாஸ்டாட்டின் உண்போருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஃபெலோடிபின், நிஃபெடிபின் போன்ற இரத்த அழுத்த மருந்துகளும், இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோனும், புற்றுநோய்க்கான மாத்திரைகள் சிலவும் இவ்வரிசையில் உண்டு. உங்கள் மருந்து இதில் சேருமா என்பதைப் பெயரைக் கொண்டு நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். எங்கள் மருந்தகச் சாளரத்தில் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். அதற்கு முன்பதிவு வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். உடல் மெலிய என்று விற்கப்படும் சில மாத்திரைகளில் கசப்பு ஆரஞ்சின் சாரம் சேர்க்கப்படுகிறது. அதிலுள்ள சினெஃப்ரின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டக்கூடியது. இதய நோயாளர் அவற்றைத் தொடாதிருப்பதே நன்று.

நார்த்தங்காய் ஜாடி

மார்மலேட் நம்மில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். உண்மைதான், நூற்றுக்கு ஒரு வீட்டில் இருந்தால் மிகுதி. ஆனால் நார்த்தங்காய் ஜாடி?

கிடாரங்காய், நார்த்தங்காய், கொழிஞ்சிக்காய் என்று நம் ஊர்களில் வழங்கும் பெயர்கள் ஓரிடத்தில் ஒரு காயையும் மற்றோரிடத்தில் வேறொரு காயையும் குறிக்கின்றன. கசப்பு ஆரஞ்சையே நார்த்தை என்போரும் உண்டு. கடாரம் என்போரும் உண்டு. சந்தையில் காயைப் பார்த்து இனத்தைப் பிரித்தறிவது வீட்டாரால் ஆகாத காரியம். எனவே மேற்சொன்ன மருந்துகளை உண்போர், தடித்த கசப்புத் தோலோடு உண்ணும் இக்காய்கள் அனைத்தையும் ஒரே வரிசையில் வைத்துத் தவிர்க்குமாறு நாங்கள் சொல்கிறோம். பம்பளிமாஸும் அவ்வரிசையே. கமலா, சாத்துக்குடி ஆகியவற்றை இந்தக் காரணத்துக்காக விலக்க வேண்டியதில்லை. பொட்டாசியம் கட்டுப்பாடு உள்ள சிறுநீரக நோயாளர் மட்டும் அவற்றின் அளவைக் கேட்டறிய வேண்டும். சமையலில் பிழியும் சிறிதளவு எலுமிச்சையைப் பொதுவாக நாங்கள் தடுப்பதில்லை.

இங்கே எங்களுக்கு நேரும் சங்கடம் பெரிது. காய்ச்சல் கண்டவருக்குக் கஞ்சியும் உப்பு நார்த்தங்காயும் என்பது நம் வீடுகளின் நெடுநாள் வழக்கம். வாய் கசந்து, குமட்டி, சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறவருக்கு, உலர்ந்த நார்த்தங்காய்த் துண்டு ஒன்றைத் தயிர்ச்சோற்றோடு நீட்டுவது அன்பின் செயல். அதனைச் செய்யாதீர்கள் என்று ஒரு தாயிடமோ மனைவியிடமோ சொல்வது எங்களுக்கு எளிதாக இல்லை. எங்கள் உள்நோயாளர் பிரிவில் தலையணைக்கடியில் சிறு டப்பாக்களைக் கண்டிருக்கிறோம். எடுத்து வைத்தவரைக் கடிந்துகொள்ள மனம் வராது. ஆயினும் அந்தத் துண்டில் மேற்சொன்ன மருந்துச் சிக்கலோடு உப்பும் சேர்ந்திருக்கிறது. உப்பில் ஊறி வெயிலில் காய்ந்த காயில் நீர் போய்விட, உப்பு மட்டும் செறிந்து நிற்கிறது. இதயம் தளர்ந்தவர்க்கும், சிறுநீரகம் குன்றியவர்க்கும், இரத்த அழுத்தம் கூடியவர்க்கும் மருந்து எதுவாயினும் அது ஆகாது. கழுவித் தந்தால் உப்பு ஓரளவு போகும். தோலின் பொருள் போகாது.

மாற்று உண்டா? வாய்க்குப் புளிப்பும் மணமும் வேண்டும் என்பதே நோயாளியின் தேவை. புதினாவும் இஞ்சியும் அரைத்து, உப்பைப் பெயரளவுக்கு இட்டு, இரண்டு சொட்டு எலுமிச்சை சேர்த்த துவையல் பலருக்குப் பிடிக்கிறது. சீரகமும் கறிவேப்பிலையும் பொடித்த மோர் சிலருக்கு இதமாக இருக்கிறது. நார்த்தங்காயின் சுவைக்கு இவை ஈடு என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

மிஞ்சிய பழத்தை என்ன செய்வது

வீட்டில் ஒரு மரம் இருந்தால் ஒரு பருவத்தில் கூடை கூடையாகக் காய்க்கும். அதுவரை ஊறுகாயாகவோ மார்மலேட்டாகவோ போனவை இனி மிஞ்சும். வீட்டின் மற்றவர்கள் உண்ணலாம் என்பதால் எறிய வேண்டியதில்லை. பழத்தைக் கழுவித் துடைத்து முழுதாகவே உறைநிலைப் பெட்டியில் வைத்து, ஓய்வு கிடைத்தபோது மார்மலேட் காய்ச்சலாம். உறையவைத்ததால் பெக்டின் சற்றுக் குறையும், எனவே எலுமிச்சையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். சாற்றைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைக்கலாம். ஈரானில் இதனை மீன்மீது பிழிகிறார்கள்; கியூபாவில் பூண்டோடு கலந்து இறைச்சியை ஊறவைக்கிறார்கள். தோலைப் பாகில் ஊற்றி உலர்த்தினால் சிறுவர்க்குத் தின்பண்டம். வினிகரில் இரு வாரம் ஊறிய தோல், அடுப்பு மேடையின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க உதவும். செவில் நகரத்தாரோ, வீதியில் விழும் பழங்களின் சாற்றை நொதிக்கவைத்து, அதில் எழும் வாயுவிலிருந்து நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மின்சாரம் எடுக்கும் சோதனையை 2021-இல் தொடங்கினர். முதற்கட்டமாக 35 டன் பழம். நம் வீட்டுக் கூடைக்கு எருக்குழி போதும்.

நோயாளி இருக்கும் வீட்டில் நாங்கள் வேண்டுவது இரண்டே. எலுமிச்சைக்குப் பதிலாக இச்சாற்றை இரசத்திலோ சாதத்திலோ பிழிந்து பொதுவாகப் பரிமாறாதீர்கள். உண்பவருக்கே தெரியாமல் போய்விடும். மேலும், புட்டியின்மேல் பழத்தின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மார்மலேட் கேக்கிலும் பிஸ்கட்டிலும் ஒளிந்திருக்கும். விருந்தினர் கொண்டுவந்தால் கேளுங்கள். கசப்பு ஆரஞ்சின் தோலுக்குப் பதிலாகச் சாதாரண ஆரஞ்சின் தோலைக் கொண்டும் மார்மலேட் செய்யலாம். கசப்பு குறைவாக, இனிப்பு தூக்கலாக இருக்கும். உறைவதற்கு எலுமிச்சையின் விதையையும் வெண்பகுதியையும் துணி முடிச்சில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேறுபாடு.

அறியாமல் ஏற்கெனவே உண்டிருந்தால், பதறி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மாற்று உறுப்புக்கான மருந்தை ஒரு வேளை விடுவது, பழத்தை உண்டதைவிடப் பெருந்தீங்கு. என்றைக்கு, எவ்வளவு உண்டீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு மருத்துவமனையை அழையுங்கள். மருந்தளவைப் பார்க்க வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார். அன்று வந்த பெரியவருக்கு இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு எல்லைக்குள்ளேயே இருந்தது. மூன்று நாள் கழித்து மறுபடியும் பார்த்தோம், மாற்றமில்லை. இரண்டு கரண்டியோடு நின்றது நல்லதாயிற்று.

அம்மையார் அறையிலிருந்தபடியே மகளைத் தொலைபேசியில் அழைத்தார். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பின்னர் மகள் கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது: "அப்பாவுக்குச் சாதாரண ஆரஞ்சில் செய்து அனுப்பட்டுமா, அம்மா?" சித்திரையில் வந்த அந்தப் புட்டியின் சீட்டில் பழங்களின் பெயர்கள் அனைத்தும் வரிசையாக எழுதியிருந்தன. பெரியவர் அதனை உண்கிறார். முதற்புட்டி அளவுக்கு நன்றாக இல்லை என்று குறையும் சொல்கிறார்.